ஏறுமுன் ஒரு குரல்

"ஏலே காசி, சத்தமில்லாம ஏறுததா இருந்தா ஏறு. இல்லன்னா தளைநாரைத் தூக்கிட்டு நடையக் கட்டு!"

தென்னை மரத்தடியில் நின்று இப்படிக் கறாராகச் சொன்னவர் தேவபிரசாதம் சார். ரிட்டயரான ஹெட்மாஸ்டர். நாட்டில் எமர்ஜென்ஸி வந்த வருஷம் அது. சார் வீட்டுக் காம்பவுண்டுக்குள் அது கல்யாணமான அன்றே வந்துவிட்டது.

காலில் மாட்டப்போன நார் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு காசிலிங்கம் தலையைச் சொறிந்தான். தூத்துக்குடியில் பாதித் தெருவுக்கு அவன்தான் மரமேறி. மரத்தில் கை வைக்குமுன் அடிவயிற்றிலிருந்து ஒரு பாட்டு எடுப்பான். புதுத் துறைமுகத்தில் நின்ற கிரேக்கக் கப்பல் ஒன்று, வேறு கப்பல்தான் கூப்பிடுகிறது என்று நினைத்துப் பதிலுக்குச் சங்கு ஊதிய கதை ஊருக்கே தெரியும்.

"சார், அது பாட்டு இல்ல சார். அது வந்து..."

"வந்தும் வேண்டாம், போயும் வேண்டாம். ஜெபம் பண்ணுத வீடுலே இது!"

"ரெண்டு வரி பாடிட்டுப் போறான், விடுங்களேன்." அடுக்களையிலிருந்து வந்தது சார் மனைவி ஞானபாய் அம்மாள் குரல். "குருத்தை வண்டு தின்னுக்கிட்டு இருக்கு. இன்னும் நாலு நாள் போனா மரமே மொட்டை."

அது உண்மை. சார் ஹெட்மாஸ்டர் ஆன அன்று தன் கையால் நட்ட மரம். புதிதாக விரிந்த ஓலையெல்லாம் கத்தரிக்கோல் போட்ட மாதிரி இருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் வெட்டச் சொன்னார்கள். "கம்பிய விட்டு வண்டை எடுத்து, ஓலை இடுக்குல வேப்பம்புண்ணாக்கும் மணலும் போட்டாப் பொழச்சுக்கிடும்" என்று சொன்னவன் காசி ஒருத்தன்தான்.

சாருக்கு மரம் வேண்டும். பாட்டுதான் வேண்டாம்.

"ஒழுக்கம்னா ஒழுக்கம்! ஒனக்கும்தான் ஞானபாய். வென்னி கொண்டு வாரேன்னு தெனமும் வாளிய செவத்துல இடிக்கே, செருப்பைத் தேய்க்கே. இது வீடா, ரயில்வே ஸ்டேஷனா?"

"கை தளந்து போச்சுங்க," என்றாள் அம்மாள்.

ஒழுக்கம் பேச சாருக்கு உரிமை உண்டு. சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மனிதர் இனிப்பைத் தொட்டதில்லை. போன ஞாயிறுகூட ஜெபக் கூட்டத்தில், "மேலே இருந்து ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அந்தப் பயம் இருந்தால் நாக்கு தானாக அடங்கும்" என்று சாட்சி சொல்லி, முன்வரிசையை அழ வைத்துவிட்டார்.

"சரி சார், சத்தம் கிடையாது," என்றான் காசி. "பெறவு என்னய வையக் கூடாது."

"நான் ஏம்லே வையப் போறேன்?"

"புண்ணாக்கு வாங்கிட்டு நாளைக்கிக் காலையில வாரேன்."

மறுநாள் காலை. தென்னைக்குப் பக்கத்திலேயே, ஓலைத்தட்டி வைத்து அடைத்த குளிக்கிற இடம். கூரை கிடையாது. அந்தத் தெருவில் யார் வீட்டிலும் கிடையாது.

சார் துண்டோடு உள்ளே போனார். ஒரு செம்புத் தண்ணீரைச் சளார் என்று வெறும் தரையில் ஊற்றினார். சோப்பு டப்பாவைத் திறந்தார்.

உள்ளே ஒரு மக்ரூன். வெள்ளை வெளேரென்று, சீனியும் முந்திரியுமாக மணக்கிற ஊர் இனிப்பு.

வாயில் போட்டார். கண்ணை மூடினார். அது கரையக் கரைய முகம் தானாக மேலே போயிற்று. மெல்லக் கண்ணைத் திறந்தார்.

மேலே இருந்து ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஓலைக்கு நடுவே, வண்டுக் கம்பியோடு, காசிலிங்கம். சொன்ன சொல் மாறாமல் கொல்லைக் கதவு வழியாக வந்து, ஒரு சத்தமில்லாமல் ஏறியிருந்தான்.

கத்த வழியில்லை. சாருக்கு வாய் நிறைய மக்ரூன்.

காசி சட்டென்று பார்வையைத் திருப்பினான். திருப்பின இடத்தில், அடுக்களை வாசலில், வென்னி வாளியைத் தூக்கிக்கொண்டு அம்மாள்!

எடுத்தானே பாட்டு! முயல் தீவுக் கொக்கெல்லாம் எழும்பி இலங்கைப் பக்கம் போனதாகக் கேள்வி.

சார் மடக்கென்று விழுங்கினார். அவசரமாக வாய் கொப்பளித்தார்.

"ஏன் காசி, சார் பாடக் கூடாதுன்னு சொன்னாகள்லா?" என்று கேட்டுக்கொண்டே அம்மாள் வாளியை வைத்தாள்.

"பாடட்டும், பாடட்டும்!" தட்டிக்குள்ளிருந்து சார். "என்ன குரல்! நம்ம கோயில் பாடகர் குழுவுல இப்படி ஒரு குரல் உண்டுமா?"

அம்மாள் உள்ளே போனதும், இறங்கி வந்தவனைச் சார் தட்டி இடுக்கு வழியாகப் பிடித்தார்.

"ஏம்லே சொல்லாம ஏறுன?"

"சொல்லுததுக்குத்தான சார் பாட்டு! மேல ஒரு கண்ணு வருது, கீழ குளிக்கவங்க சுதாரிச்சுக்கோங்கன்னு அர்த்தம். நேத்தே சொல்ல வந்தேன், நீங்க விட்டாத்தான."

சார் பேச்சை மாற்றினார். "மரம்?"

"வண்டு அம்புட்டுட்டு. மரமும் பொழச்சுக்கிட்டு."

அந்த 'மரமும்' சாருக்கு நன்றாகவே புரிந்தது. நிம்மதியாக, அன்றைக்கு முதல் தடவையாகத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்.

காசி காப்பி வாங்க அடுக்களை வாசலுக்குப் போனான். அம்மாள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனாலும் தட்டிக்குள் கேட்டது.

"ஒனக்கு ஏன் காசி அவ்வளவு அவசரம்? ஒண்ணே ஒண்ணுன்னு டாக்டர்ட்டயும் கேட்டு, கடை அண்ணாச்சிகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அந்த ஒண்ணையும் நிம்மதியாக் கரைய விடாமப் பண்ணிட்டியே! நான் என்ன, கை தளந்து போயா தெனமும் வாளிய இடிச்சுக்கிட்டு வாரேன்?"