பல்லில் பிடிபட்ட சத்தம்

பத்து வயதில் வந்த காய்ச்சலில் சகாயராணிக்கு இரண்டு காதும் போய்விட்டன. அவள் வாங்கிய பழைய பைக் போடும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது; அவளுக்கு மட்டும் கேட்கவில்லை.

"கேக்காதவளுக்கு எதுக்கு வண்டி? வித்துரு" என்றான் அண்ணன். பட்டறையில் மெக்கானிக் இசக்கியும் அவனிடமே பேசினான். "கிராங்க் போச்சுண்ணே, என்ஜினப் பிரிக்கணும்." உதட்டசைவிலேயே அவளுக்குப் புரிந்தது.

அவள் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்தாள். ஓடிக்கொண்டிருந்த என்ஜின் முன் மண்டியிட்டு, பிடியைப் பல்லால் கடித்தபடி முனையை ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தாள். அடியில், கிராங்க் தண்டு சுழலும் இடத்தில், துடிப்பு சீராக இருந்தது. இடப்பக்க மூடியில் வைத்ததும் தாடையே அதிர்ந்தது.

"இங்கதான். இத மட்டும் கழத்து."

அண்ணன் சிரித்தான். இசக்கி அரைமனதாகக் கழற்றினான். உள்ளே டைமிங் செயின் தளர்ந்து, மூடியை உரசி உரசிப் பளபளவென்று கீறியிருந்தது.

புதுச் செயினை மாட்டி வண்டியை உதைத்தபோது பழைய சத்தம் போயிருந்தது. இசக்கி தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டான். பிறகு உள்ளே போய், ஒரு வாரமாக அவனுக்குக் கோளாறு பிடிபடாமல் நின்ற கறுப்பு பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவள் முகத்துக்கு நேரே நின்று, நிதானமாக உதட்டை அசைத்தான்.

"அக்கா, இது என்னன்னு பாருங்க."