எழுதாத கடை

"சந்து பொந்துல இருக்கிற கடையெல்லாம் அந்த ஆளு கண்ணுக்குத் தெரியுது. ஆத்தங்கரையில இவ்வளவு பெரிய கடை தெரியலையாமா?"

சமையல்காரம்மா வாரப் பத்திரிகையைக் கல்லாமேல் ஓங்கிப் போட்டார்.

"விடுங்கம்மா" என்றார் கடை முதலாளி.

திட்டு வாங்கிய அந்த ஆளு, நாலடி தள்ளி, ஜன்னலோர மேஜையில் வறுத்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

பத்திரிகையில் 'எங்கே சாப்பிடலாம்?' பகுதியை எட்டு வருஷமாக எழுதும் 'பசித்தவன்' அவர்தான். இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் தட்டில் ஒரு துண்டு கூடுதலாக விழும், அப்புறம் நியாயமாக எழுத முடியாது என்று பத்திரிகை ஆசிரியரிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தார்.

அவர் நாலு வரி எழுதினால் போதும், ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடையிலும் அடுத்த வாரம் வரிசை நிற்கும். பாலத்தடி சூப் கடை, படகுத்துறை ரொட்டிக் கடை, ஆஸ்பத்திரி எதிரே நிற்கும் தள்ளுவண்டி, எல்லாம் எழுதியாயிற்று. நாலு வருஷமாகத் தினமும் மதியம் தான் சாப்பிடும் இந்தக் கடையைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது.

நியாயமாவது மண்ணாங்கட்டியாவது! காரணம் வேறு.

மூன்று மணிக்கு இங்கே ஆள் இருக்காது. முதலாளி தன் தட்டை எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்காருவார். "என்ன சார், முகம் வாடியிருக்கு? முழங்கால் வலி தேவலையா?" என்பார்.

நாள் முழுக்க அவரைப் பார்த்து ஒருவர் அக்கறையாகக் கேட்கும் கேள்வி அது ஒன்றுதான். மனைவி போய் ஆறு வருஷமாகிறது. மகளிடமிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் வரும், அதுவும் காலில் வெந்நீர் கொட்டின அவசரத்தில்.

கூட்டம் வந்தால் முதலாளி எதிரே உட்காருவாரா? கல்லாவை விட்டு அசையமாட்டார்.

அதனால்தான் எழுதவில்லை. தெரிந்தே செய்த சுயநலம்.

இன்றும் முதலாளி தட்டோடு வந்து உட்கார்ந்தார். ஆனால் சோற்றில் கை வைக்கவில்லை.

"சார், சனிக்கிழமையோட கடையை மூடறேன்."

"என்னது?"

"ஆள் வந்தாத்தானே சார்? ரெண்டு மேஜைக்காக எத்தனை நாள் அடுப்பு எரிக்கிறது? சமையல்காரம்மாவும் தன் மக வீட்டுக்குப் போறாங்க."

அவர் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். தான் ஒருத்தன் பேச்சுத்துணைக்கு ஆசைப்பட்டு, ஒரு மனுஷனின் பிழைப்பையே கெடுத்தாயிற்று. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மூடாதீங்க" என்றார். "இந்த வாரமே எழுதறேன். அந்தப் பசித்தவன் நான்தான்."

முதலாளி தண்ணீர்த் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நாலு வருஷமா வேணும்னேதான் எழுதலை. கூட்டம் வந்துட்டா நீங்க என்கூட உட்கார மாட்டீங்களேன்னு... பெரிய தப்புங்க. மன்னிச்சுடுங்க."

நன்றாக நாலு வார்த்தை திட்டட்டும் என்று காத்திருந்தார்.

"தெரியும் சார்" என்றார் முதலாளி.

"தெரியுமா? எப்படி?"

"ரெண்டு வருஷம் முன்னாடி, பசித்தவன்னு போட்டு எழுதின தாளை இதே மேஜையில விட்டுட்டுப் போனீங்க. மறுநாள் உங்களுக்குத் தெரியாம உங்க பையில வெச்சுட்டேன்."

"அப்புறம் ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கலை? நீங்க கேட்டிருந்தா எழுதியிருப்பேனே!"

"எழுதிடுவீங்கன்னுதான் சார் கேட்கலை."

சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் வீட்டுல யாரு இருக்கா? கூட்டம் வந்துட்டா, நான் யாரோட சார் உட்கார்ந்து சாப்பிடுவேன்?"