வலது காதில்

குழந்தையை அவள் மடியில் வைத்தார்கள்.

கனமாக இருந்தது. இவ்வளவு கனமாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. போனில் பார்க்கும்போது கனம் எங்கே தெரிகிறது?

வார்டுக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள். அதனால் அவளைத்தான் சக்கர நாற்காலியில் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடிக்குத் தள்ளி வந்திருந்தார்கள். கணவன் ஆக்சிஜன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பெற்றது அவளுக்குத் தெரியாது. நிமோனியா முற்றி நினைவில்லாமல் வென்டிலேட்டரில் கிடந்தபோது வயிற்றை அறுத்து எடுத்தார்கள். விழித்துப் பார்த்தால் வயிறு காலியாக இருந்தது. தொண்டையில் ஓட்டை போட்டு ஒரு குழாய் வைத்திருந்தார்கள்.

அப்புறம் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிதான் வீடு. உட்காரப் பழகினாள். நிற்கப் பழகினாள். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கிடக்கும் பந்தை மூச்சால் இழுத்துத் தூக்கப் பழகினாள். அந்தப் பந்து லேசில் மசியவில்லை.

பேச்சுதான் கடைசியாக வந்தது. குழாயின் வாயை விரலால் மூடினால் கரகரவென்று ஏதோ ஒன்று வரும். அதைக் குரல் என்று டாக்டர் சொன்னார். சரி என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

அவர்கள் பக்கத்தில் குழந்தையின் அத்தைதான் பெயர் வைப்பாள். வலது காதில், மூன்று முறை. நாத்தனார் முத்தரசி மாட்டேன் என்றுவிட்டாள். அண்ணி எழுந்து வரட்டும், அண்ணி வாயால்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பிறந்ததிலிருந்து குழந்தையை வளர்ப்பதும் அவள்தான். அவளுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

நறுமுகை. அதுதான் பெயர். வயிற்றில் இருக்கும்போதே முடிவு செய்தது.

மூச்சுப் பயிற்சியின்போது பிசியோதெரபி பெண் எண்ணச் சொல்வாள். அவள் எண்ணுவதில்லை. நறு, என்பாள். மூச்சு தீர்ந்துவிடும். கொஞ்சம் பொறுத்து, முகை, என்பாள்.

முழுப் பெயரும் ஒரே மூச்சில் வந்த நாளன்று அழுதாள். அழுவதற்கும் மூச்சு வேண்டும். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

குழந்தை இப்போது அவள் முகத்தைப் பார்த்தது. கழுத்துக் குழாயைப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது.

காதில் ஓதுவதற்கு முன்னால் ஒருமுறை சும்மா கூப்பிட்டுப் பார்க்க ஆசை. குழாயை விரலால் மூடினாள்.

நறுமுகை, என்றாள்.

குழந்தை வீறிட்டது. முதுகை வளைத்துக்கொண்டு எதிரில் நின்ற முத்தரசியிடம் தாவப் பார்த்தது.

முத்தரசி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வாங்கிவிடக் கூடாது என்றிருந்தாள் பாவம். குழந்தைக்கு அழுது அழுது மூச்சு முட்டியபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பொம்மி... என் தங்கமில்ல. உங்கம்மாடி அது."

அழுகை நின்றது. கன்னத்தில் கண்ணீர் வழிய, குழந்தை முத்தரசியைப் பார்த்துச் சிரித்தது.

முத்தரசி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பேரு இல்லாம என்னன்னு கூப்பிடுறது அண்ணி... சும்மா வாய்க்கு வந்தது. நீங்க வைங்க. ரெண்டு நாள்ல பழகிருவா."

பழகிவிடும். அவளுக்கும் தெரியும். அம்மா இல்லாததற்கே பழகிவிட்டது.

ஆத்திரப்பட ஒரு ஆள் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாருமே இல்லை.

குழந்தையைத் தோளோடு சேர்த்தாள். வலது காதின் மேல் கிடந்த முடியை ஒதுக்கினாள். விரலைக் குழாயில் வைத்தாள். முடிந்த மட்டும் மூச்சை உள்ளே இழுத்தாள்.

பொம்மி, என்றாள்.

குழந்தை அவளைத் திரும்பிப் பார்த்தது.

பொம்மி.

மூன்றாவதற்கும் மூச்சு இருந்தது. அதைச் சொல்லாமல் விரலை எடுத்துவிட்டு, முத்தரசியைக் கிட்டே வரச்சொல்லித் தலையசைத்தாள்.