மூடியின் மேல் ஒரு ரோஜா

ஜன்னலோர மேஜையில் ஒரு பீங்கான் ஜாடி இருந்தது. அதன் மூடி முழுக்கச் சிறு துளைகள். அவற்றின் நடுவே தீட்டியிருந்த ரோஜா, அறையின் வாசனை தன்னுடையது என்றே நம்பியிருந்தது. உள்ளே வருகிறவர்கள் மூச்சை இழுத்து, "ஆகா, ரோஜா!" என்று அதைப் பார்த்துத்தானே சொன்னார்கள்!

அதன் மேல் தீட்டியிருந்த வண்ணத்துப்பூச்சி சிரித்தது. "சூளையில வெந்த நாளிலிருந்து உன் மேலதான் உட்கார்ந்திருக்கேன். எனக்கு ஒருநாளும் மணக்கலையேடி."

"உனக்கு மூக்கு ஏது?" என்றது ரோஜா. ஆனாலும் அன்றோடு அதன் நிம்மதி போயிற்று. வாசனை தன்னுடையது இல்லையென்றால் வேறு யாருடையது?

ஒரு காலை, வீட்டு அம்மாள் மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஜாடியைச் சரித்து, கரண்டியால் உள்ளே கிளறினாள். ரோஜா முதல்முறையாக ஜாடிக்குள் பார்த்தது. வாசனை போகாமலிருக்கப் போட்ட உப்புக்கு நடுவே கறுத்துச் சுருங்கிய இதழ்கள் குவிந்து கிடந்தன. அவற்றிலிருந்து எழுந்த வாசனையில் அம்மாள் கண்களை மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.



"நீங்க யாரு?" என்று கேட்டது ரோஜா.

"ரோஜாதான் தாயி. போன கோடையில உதிர்ந்தோம்" என்றது மேலாகக் கிடந்த இதழ். "இருட்டுல கிடந்து எங்க நிறமே மறந்துபோச்சு. உனக்குத் தெரியுமா?"

தன் அழகைப் பேசி அலுக்காத ரோஜா, அன்று தன் நிறத்தையே பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னது: "நல்ல சிவப்பு. விளிம்புல மட்டும் லேசா வெளுப்பு. நீங்க அப்படித்தான் இருந்தீங்க."