பாலத்தில் முதல் கால்

"இந்தச் சனத்தைக் கூட்டி ஒரு எடத்துல நிறுத்துறதுக்கு எருமை மாட்டை மேய்ச்சிட்டுப் போயிறலாம்" என்று பல்லைக் கடித்தார் தலைவர் அழகுமுத்து.

வெயில் ஏறிவிட்டது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் பாதிப் பேர் இன்னும் வெளியே வரவில்லை. ஒருத்தி தலை வாருகிறாள், ஒருத்தன் சட்டையைத் தேடுகிறான், இன்னொருத்தன் சட்டையைப் போட்டுக்கொண்டு திரும்பவும் படுத்துவிட்டான். மூக்கன் மட்டும், தினமும் காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கூப்பிடுகிற அதே தப்பைத் தட்டிக்கொண்டு லயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஞாயித்துக்கெழமையும் பெரட்டா?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"பெரட்டு இல்லடா. பாலம் தொறக்கிறாங்க. நாமதான் மொதல்ல நடக்கணும், எந்திரி."

அழகுமுத்துவின் எரிச்சலில் நியாயம் இருந்தது. ஐப்பசி வெள்ளத்தில் ஹட்டன் ரோட்டுப் பாலத்தின் நடுத்தூண் வெடித்துவிட்டது. குறுக்கே மரத்தைப் போட்டு மூடியவர்கள் மூடியவர்கள்தான். அன்றிலிருந்து அரிசி மூட்டை அக்கரையோடு சரி. ஆற்றில் இறங்கி, பாறை பாறையாகத் தாண்டி, தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டும். காளியாயி அப்படி வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக அழகுமுத்துவின் மகள் லெட்சுமி நிறைமாதம். ஆஸ்பத்திரி அக்கரையில்.

அலைந்து அலைந்து அவர் செருப்புத்தான் தேய்ந்தது. எப்போது போனாலும் "அடுத்த கிழமை பாப்பம்" என்று ரோடு, பாலம் வேலைகளைப் பார்க்கிற ஓவசியர் கணேசமூர்த்தி மந்திரம் மாதிரி ஒன்றையே சொல்வார்.

அப்பேர்ப்பட்ட ஓவசியர் நேற்று லயத்தைத் தேடி அவரே வந்தார்.

"தூண் கட்டி முடிஞ்சுது, தலைவர். நாளைக்குத் திறப்பம். கஷ்டப்பட்டது உங்கட சனம்தானே, அவையளே முதல் நடக்கட்டும். ஒருத்தரும் மிச்சமில்லாமல் கூட்டிக்கொண்டு வாங்கோ. தப்பும் வேணும்."

அழகுமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். எது திறந்தாலும் துரையின் காருக்கு வழிவிட்டு ஓரத்தில் நின்றே பழகிய சனம். இந்த ஆளைப் போய் இத்தனை நாள் வாயில் வந்தபடி திட்டினோமே என்று வெட்கமாக இருந்தது. உடனே ஓவசியருக்கு ஒரு மாலை கட்டச் சொல்லிவிட்டார்.

ஊரைக் கிளப்பி முடித்துத் திரும்பினால், அவர் வீட்டு வாசலிலேயே கிளம்பாமல் நின்றாள் மனைவி பூரணி.

"லெட்சுமி வேணாங்க. இந்த வயித்தை வச்சிக்கிட்டு கூட்டத்துல..."

"அவளுக்காகத்தான் இந்தப் பாலத்துக்கே நாயா அலைஞ்சேன். தலைவர் வீட்டுப் பிள்ளையே வரலைன்னா நாலு பேரு என்ன நெனைப்பான்? பயந்தாங்கொள்ளி மாதிரி நிக்காம கூட்டிட்டு வா."

கைக்கட்டோடு காளியாயியும் வந்தாள். ஒருவழியாக ஊர்வலம் பாலத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது.

பாலம் மூடியதிலிருந்து இக்கரையில் மாட்டிக்கொண்ட லொறி ஒன்று, முந்தாநாளிலிருந்து கல் ஏற்றிக்கொண்டு அங்கே நிற்கிறது. வேலை முடிந்து மிஞ்சிய கல்லாக இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அதில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த டிரைவர் பக்கீர், லெட்சுமியைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டார்.

"தலைவரே, புள்ளத்தாச்சியையும் சின்னப் புள்ளைகளையும் இங்கனயே நிப்பாட்டிட்டுப் போங்களேன்."

"ஏன் பாய், எங்களுக்கு ஒரு மரியாதை கெடைச்சா ஒங்களுக்குப் பொறுக்கலையா?"

பக்கீர் ஓவசியரை ஒரு பார்வை பார்த்தார். இன்னொரு பீடியைப் பற்றவைத்தார்.

குறுக்கே கிடந்த மரத்தை அகற்றினார்கள். மூக்கன் தப்பை முழக்க, சனம் பாலத்தில் ஏறியது.

"வாங்கய்யா, நீங்களும் சேந்து நடக்கலாம்" என்று கூப்பிட்டார் அழகுமுத்து.

"இல்லை, இல்லை, இண்டைக்கு உங்கட நாள்" என்று கரையிலேயே நின்றுகொண்டார் ஓவசியர். "நடுவில நில்லுங்கோ. இடைவெளி விடாமல் நெருங்கி நில்லுங்கோ. அப்பிடித்தான், இனி ஆடுங்கோ. நல்லாக் குதிச்சு ஆடுங்கோ."

சொல்ல வேண்டுமா? காலையில் எழுந்திரிக்க மாட்டேன் என்றவன்தான் எல்லாரையும்விட உயரமாகக் குதித்தான். காளியாயி ஒற்றைக் கையை ஆட்டிக் குலவை போட்டாள். லெட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்து அழகுமுத்துவுக்குக் கண் கலங்கியது.

பெருமையோடு கரையைப் பார்த்தார். ஓவசியர் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. சரிவில் இறங்கிக் குந்திக்கொண்டு பாலத்துக்கு அடியில் நடுத்தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடச் சொல்லிவிட்டு இந்த மனுசன் எங்கே பார்க்கிறார் என்று சுள்ளென்று கோபம் வந்தது. சரி, படித்தவர், வேலையிலேயே கண்ணாக இருக்கிறார் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

தப்பு ஓய்ந்து, சனமெல்லாம் அக்கரையில் இறங்கியது. அழகுமுத்து மட்டும் மாலையோடு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார்.

"ஐயா, எங்களையும் மனுசனா மதிச்சு மொதல்ல ஏத்துனீங்க. செத்தாலும் மறக்க மாட்டோம்."

ஓவசியர் சிரித்துக்கொண்டே மாலைக்குத் தலையைக் குனிந்தார். குனிந்தபடியே லொறிப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னார்.

"பாத்தியோ பக்கீர்? பாரம் ஏத்திப் பாலத்தைப் பரிசோதிக்கோணும் எண்டதுக்கு, முதல் ஏறமாட்டன் எண்டு ரெண்டு நாளா அடம்பிடிச்சியே, பயந்தாங்கொள்ளி. இவ்வளவு சனம் ஏறிக் குதிச்சும் தூண் அசையேல்லை. இனி நம்பி லொறியை விடு."