வாபஸ்

பதினேழாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

‘ஆய்வில் பங்கேற்பவரின் விலகும் உரிமையை உங்கள் ஆய்விலிருந்து ஓர் உதாரணத்துடன் விளக்குக. பத்து மதிப்பெண்.’

உளவியல் ஆய்வுகளின் வரலாற்றுப் பகுதியை மடமடவென்று முடித்திருந்தாள். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கைக்குழந்தையைச் சத்தம் எழுப்பிப் பயமுறுத்திச் சோதித்தவர்களை மூன்று பக்கத்துக்குக் கிழித்துப் போட்டிருந்தாள். செத்துப்போனவர்களைக் குறை சொல்ல என்ன கஷ்டம்.

உரிமையும் தலைகீழ்ப் பாடம்தான். பங்கேற்பவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர் சொன்னதை ஆய்வாளர் நீக்கிவிட வேண்டும்.

உதாரணம்தான் வரவில்லை.



போன வாரம் சொக்கம்மாள் போன் செய்திருந்தார். படுத்த படுக்கையாகிவிட்ட கணவரை ஆறு வருஷம் பார்த்துக்கொண்டவர். அவளுடைய ஆய்வுக்காகப் பேசிய எட்டு மனைவியரில் ஒருவர்.

“அவரு போயிட்டாருங்க கண்ணு. அன்னிக்கு நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறனுங்க.”

சரிங்கம்மா என்றாள். எடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னாள்.

எடுக்கவில்லை.

எப்படி எடுப்பது? அன்றைக்குச் சொக்கம்மாள் சொன்ன ‘சீக்கிரம் போயிட்டாத் தேவலை’தான் ஆய்வேட்டின் தலைப்பு. கறுப்பு அட்டையில் தங்க எழுத்தில் மூன்று பிரதிகள் பைண்டிங் ஆகி வந்துவிட்டன. மதியம் இரண்டு மணிக்கு வாய்மொழித் தேர்வு. தலைப்பே போனால் ஆனர்ஸும் போய்விடும். பெயரைத்தான் மாற்றிவிட்டோமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. 

கடைசி ஐந்து நிமிஷத்துக்கான மணி அடித்தது.

பயத்தில் கை தானாக எழுதியது.

‘பங்கேற்பாளர் ஒருவர் விலகுவதாகத் தெரிவித்தார்.

அவருடைய கூற்றுகள் ஆய்வேட்டிலிருந்து உடனடியாக நீக்கப்பட்டன.’

நல்ல வாக்கியம். முழு மதிப்பெண் கிடைக்கும். யார் நீக்கியது என்று அதில் இல்லை.

ஆய்வு எழுத்தில் ‘நான்’ வரக்கூடாது என்று வழிகாட்டி பிருந்தா மேம் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்துப் பழக்கியிருந்தார். இந்தத் தாளைத் திருத்தப்போவதும் அவர்தான்.

முன்வரிசையில் தாள்களை வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டாவது வாக்கியத்தைக் குறுக்கே அடித்தாள்.

கீழே, ‘நான்’ என்று தொடங்கினாள்.