ரெண்டாம் தரம்

கஸ்தூரி துப்பாக்கியை நீட்டினாள். சிவப்புப் புள்ளி நேராக நாகம்மாளின் இறால் பெட்டிக்குள் போய் விழுந்தது.

விசையை அழுத்தினாள். துப்பாக்கி வடிவத்தில் இருந்த அந்த வெப்பமானியின் சின்னத் திரையில் பதினொன்று என்று வந்தது. ஐந்து டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் முதல் தரம்.

“செகண்ட்ஸ்,” என்றாள்.

“இன்னாம்மா சொல்ற? ஐஸுக்குள்ள கைய வெக்க முடியல, வெறச்சிப் போவுது. இது பதினொன்னா?”

“மிஷின் காட்றததான் சொல்றேன் சின்னம்மா.”

தோணிரேவு கிராமத்தில் ஏரியோரமாக இருந்த அந்த இறால் கொள்முதல் கொட்டகையில் கஸ்தூரிக்கு இதுதான் வேலை. நாகம்மாள் அவளுடைய அம்மாவின் தங்கை. அம்மா இறந்த பிறகு அவளை வளர்த்துப் படிக்க வைத்தவள். விடிந்ததும் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, ஓலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவள்.

சத்தம் கேட்டு முதலாளி ஆதிநாராயணன் வெளியே வந்தார்.

“ஏம்மா பெரியவங்கள நிக்க வெச்சிப் பேசிகினு கீற? மொதல்ல டீ குடு.” பிறகு நாகம்மாளிடம் திரும்பினார். “கவலப்படாத நாகம்மா. வேற எடமா இருந்தா ஏரியிலயே கொட்டிட்டுப் போன்னுவான். நான் செகண்ட்ஸுலயாவது எடுத்துக்கறேன்.”

நல்ல மனிதர் என்று கஸ்தூரி நினைத்துக்கொண்டாள். சென்னையிலிருந்து லாரியில் வரும் ஏற்றுமதிக்காரர்கள் இதுவரை ஒரு பெட்டியைக்கூடத் தரம் குறைவென்று திருப்பியதில்லை. முதலாளிதான் எப்படியோ பேசிச் சமாளிக்கிறார் போலும்.

வெப்பமானி விஷயத்திலும் அவருக்கு அத்தனை கவனம். உப்புக்காற்றில் கெட்டுவிடும் என்று சாயங்காலமே வாங்கி மேசையில் வைத்துப் பூட்டிவிடுவார். காலையில் தன் கையாலேயே எடுத்துக் கொடுப்பார்.

அடுத்தடுத்த நாட்களில் நாகம்மாள் இன்னும் ஐஸ் போட்டாள். பெட்டியின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். அப்படியும் எண் இறங்கவில்லை. மற்ற பெண்களுக்கும் அதே கதிதான். ஆனால் சண்டை போட்டவள் அவள் ஒருத்திதான்.

“ஒரு வாட்டி நீயே கைய வெச்சிப் பாரு கஸ்தூரி.”

“கைய வெச்சிப் பாத்து எழுத முடியாது சின்னம்மா. வழியில வெயில்ல வெச்சிட்டுக் கத பேசிட்டு வருவீங்க, அப்பறம் மிஷின் பொய் சொல்லுதுன்னுவீங்க.”

பறியைக் கடித்துக் கடித்துப் புண்ணான உதடுகளை நாகம்மாள் ஒரு முறை துடைத்துக்கொண்டாள்.

“அப்போ நாந்தான் பொய் சொல்றேன். அப்படித்தான?”

கஸ்தூரி அடுத்த பெட்டிக்குப் போனாள்.

ரெண்டாம் தர விலையில் அடுப்பு எரியவில்லை. அந்த மாதமே நாகம்மாளும் அவள் புருஷன் சுப்பனும் குடிசையைச் சாத்திவிட்டுச் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். போகும்போது கஸ்தூரியிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலையில் முதலாளி வெப்பமானியைக் கொடுத்துவிட்டுப் பொன்னேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். பெண்கள் வர நேரம் இருந்தது. கஸ்தூரி சும்மா நிற்க முடியாமல், வாசலில் இறக்கி வைத்திருந்த ஐஸ் பாளத்தைப் பார்த்து விசையை அழுத்தினாள்.

எட்டு.

மறுபடி அழுத்தினாள். எட்டுதான். ஐஸ் எப்படி எட்டு டிகிரியில் ஐஸாக இருக்கும்?

திருப்பிப் பார்த்தாள். முன்பக்கக் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு மெல்லிய ஏடு போலப் படிந்திருந்தது. முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தாள். காயவிட்டு மறுபடி ஐஸைப் பார்த்து அழுத்தினாள்.

சுழியம்.

அன்றைக்கு வந்த பெட்டிகள் ஒவ்வொன்றும் மூன்று, நான்கு என்றே காட்டின. எல்லாம் முதல் தரம். பெண்கள் நம்பமுடியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கஸ்தூரி கொட்டகைக்குப் பின்னால் போய் நாகம்மாளுக்குப் போன் போட்டாள்.

“சின்னம்மா, உம்மேல தப்பே இல்ல. கண்ணாடில அழுக்கு படிஞ்சி மிஷின்தான் தப்பாக் காட்டிக்கினு இருந்துது. நான்தான் பாக்காம வுட்டுட்டேன். நீ வந்துடு.”

மறுமுனையில் யாரோ அதட்டும் குரல் கேட்டது. நாகம்மாள் தாழ்ந்த குரலில் பேசினாள்.

“சீசன் முடியாம மேஸ்திரி வுடமாட்டான்மா. அவருக்கு வேற மூணு நாளா ரத்தமா இருமுது.” பிறகு சொன்னாள், “அன்னிக்கி நீ ஒரு வாட்டி கைய வெச்சிப் பாத்திருக்கலாம்.”

போன் கட்டாகிவிட்டது.

முதலாளி வந்து பைக்கை நிறுத்துவதற்குள் கஸ்தூரி ஓடினாள். இத்தனை நாளாக ஊருக்கு நடந்த அநியாயம் தெரிந்தால் இவர் துடித்துப்போவார். இவர் பேசினால் மேஸ்திரி கேட்பான்.

“சார், நம்ம மிஷின்தான் சார் தப்பு! கண்ணாடி மேல எண்ணெ படிஞ்சி கெடந்துது. தொடச்சிட்டேன். இன்னிக்கி எல்லாருக்கும் மொதல் தரம். எங்க சின்னம்மாவ எப்படியாவது கூட்டிகினு வரணும் சார்.”

அவர் வெப்பமானியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அக்கம்பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார். முகத்தில் இருந்த சிரிப்பு மாறவே இல்லை.

“உன்ன யாரு தொடைக்கச் சொன்னது?”